ஜொகூர் ஆறும் கான்டனீஸ் விருந்தும்

மரபையும் நவீனக் கற்பனையையும் இணைப்பதாகச் சொல்லிக்கொள்ளும் கான்டனீஸ் உயர்தர உணவகங்கள் இன்று ஹாங்காங், சிங்கப்பூர், கோலாலம்பூர் நகரங்களின் நட்சத்திர விடுதிகளில் தாராளமாக இருக்கின்றன. அவற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சமையற்கலைஞரின் கைவண்ணத்தோடும் தட்டின் அழகோடும் நின்றுவிடுகிறார்கள். மரபு எத்தனை பங்கு, புதுமை எத்தனை பங்கு என்று நிறுத்துப் பார்ப்பதுதான் விமர்சனம் என்றே ஆகிவிட்டது. அந்த நிறுவை தவறான இடத்தில் நடக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். ஜொகூர் மாநிலத்தின் மிகப் பெரிய மாவட்டமான கோத்தா திங்கியிலிருந்து பார்த்தால் இது தெளிவாகும். மிச்சலின் வழிகாட்டி 2022 டிசம்பரில் மலேசியாவுக்கு வந்தபோது கோலாலம்பூரையும் பினாங்கையும் மட்டும் எடுத்துக்கொண்டது. கோத்தா திங்கி அதன் கண்ணில் படவில்லை. ஆனால் இந்த மாவட்டத்தின் வழியாக ஜொகூர் ஆறு ஓடுகிறது; ஆறு கடலோடு கலக்கும் உவர்நீர்க் கழிமுகம் இருக்கிறது; கிழக்கே தென்சீனக் கடலோரம் நீண்டு கிடக்கிறது. கான்டனீஸ் விருந்து எவற்றை நம்பி நிற்கிறதோ அவை விளையும் இடம் இது. புதுமை கான்டனீஸ் மரபுக்கு அயலானதன்று, அதன் பிறவிக்குணம். ஆகவே ஓர் உணவை மரபின் பெயரால் தள்ளவும் முடியாது, புதுமையின் பெயரால் தூக்கிவைக்கவும் முடியாது. அந்த உணவு எந்தத் தண்ணீரை நம்பியிருக்கிறது, அந்தத் தண்ணீருக்கு அது என்ன செய்கிறது என்றுதான் கேட்க வேண்டும்.

கான்டனீஸ் சமையல் எதைத் தன் பெருமையாகக் கருதுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். அதன் உச்சச் சோதனை ஆவியில் வேகவைத்த முழு மீன். விருந்தாளி வந்து உட்கார்ந்த பிறகே தொட்டியிலிருந்து மீனைப் பிடித்து, செதில் நீக்கி, குடலெடுத்து, தண்ணீர் தளதளவென்று கொதிக்கும் சட்டியின்மேல் ஏற்றுவார்கள். எடையைப் பொறுத்து ஏழு முதல் பத்து நிமிடம். வெந்ததும் தட்டில் ஊறி நிற்கும் நீரைக் கொட்டிவிடுவார்கள். கவிச்சை அதில்தான் இறங்கியிருக்கும். மெல்லிய இழைகளாக நறுக்கிய இஞ்சியும் வெங்காயத்தாளும் தூவி, புகையக் காய்ந்த எண்ணெயை அதன்மேல் ஊற்றி, லேசாக இனிப்புச் சேர்த்த சோயா சாஸை ஓரமாக விடுவார்கள். சதை முள்ளைவிட்டுக் கழன்று வர வேண்டும்; நடுமுள்ளை ஒட்டிய இடம் மட்டும் சற்றே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். இரண்டு நிமிடம் கூடினால் சதை நாராகிவிடும். நம் மீன்குழம்பில் புளியும் மிளகாயும் சற்று வாடிய மீனையும் காப்பாற்றிவிடும். இங்கே கைகொடுக்க மசாலாவே கிடையாது. ஆகக் கான்டனீஸ் மரபை உணவுகளின் பட்டியலாகப் பார்ப்பதைவிட ஒரு கட்டுப்பாடாகப் பார்ப்பதே சரி. பொருள் துடிப்போடு இருக்க வேண்டும். நெருப்பின் அளவும் நேரமும் அந்தப் பொருளுக்குக் கீழ்ப்படிய வேண்டும். மற்றவை எல்லாம் மாறலாம், மாறியும் வந்திருக்கின்றன.

எவ்வளவு மாறியிருக்கின்றன என்பதற்குச் சான்று கான்டனீஸ் சமையலின் தாயகமான குவாங்சோ நகரத்திலேயே கிடைக்கிறது. 1757 முதல் 1842 வரை மேலைநாட்டுக் கப்பல்கள் வணிகம் செய்யச் சீனப் பேரரசு திறந்துவைத்த ஒரே துறைமுகம் அது. வெளியுலகப் பொருளும் ருசியும் அந்நகரத்து அடுப்புக்கு வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. இன்று பாட்டி காலத்துச் சரக்கு என்று பலரும் நினைக்கும் சிப்பிச் சாஸ் 1888-இல் லீ கும் ஷியுங் என்பவர் குவாங்டோங் கடலோரத்தில் தொழிலாகத் தொடங்கியது. காய்ந்த இறாலும் உலர்ந்த ஸ்காலப் சிப்பியும் சேர்த்துச் செய்யும் எக்ஸ்.ஓ. சாஸுக்கு வயது அரை நூற்றாண்டுகூட ஆகவில்லை. 1980-களின் ஹாங்காங்கில் பிறந்தது. மாம்பழமும் பம்ப்ளிமாஸும் ஜவ்வரிசியும் கலந்த இனிப்பும் அதே பத்தாண்டின் படைப்புதான். தக்காளி சாஸ் இல்லாத புளிப்பினிப்புப் பன்றியிறைச்சியை இன்று நினைத்துப் பார்க்கவே முடியாது. அந்தச் சாஸ் மேற்கிலிருந்து வந்தது. இவற்றையெல்லாம் மரபிலிருந்து கழித்துவிட்டால் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. எனவே 'அசல் கான்டனீஸ்' என்று ஒரு காலப்புள்ளியைக் காட்டி, அதற்குப் பிறகு வந்ததெல்லாம் கலப்படம் என்று சொல்வது வரலாற்றுக்கு ஒவ்வாது. அந்தப் புள்ளியை எங்கே வைத்தாலும் அதற்கு முந்தைய தலைமுறை அதைப் புதுமை என்றுதான் பார்த்திருக்கும்.

ஜொகூருக்கு இந்தச் சமையல் வந்த வழியும் கவனிக்கத்தக்கது. 1844 முதல் ஜொகூர் ஆட்சியாளர்கள் ஆற்றங்கரைகளைச் சீனத் தலைவர்களுக்குக் குத்தகைக்கு விட்டு மிளகும் கம்பிரும் பயிரிடச் செய்தார்கள். காங்சூ முறை எனப்பட்ட இந்த ஏற்பாட்டில் தியோச்சூ மக்களே பெரும்பான்மை. 1917-இல் அது ஒழிக்கப்பட்டது. கான்டனீஸ் மக்கள் எண்ணிக்கையில் குறைவு. தச்சு, கட்டுமானம், பொற்கொல்லர் தொழில், உணவகம் ஆகியவை அவர்கள் கையில் இருந்தன. ஜொகூர் பாருவில் இஸ்தானா பெசார் அரண்மனையைக் கட்டிய ஒப்பந்தக்காரர் வோங் ஆ ஃபூக் குவாங்டோங்கின் தைஷான் வட்டாரத்திலிருந்து வந்தவர். நகரின் முதன்மைச் சாலைகளுள் ஒன்று இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. சிறுபான்மையாக இருந்தும் விருந்து என்றால் கான்டனீஸ் சமையல் என்ற நிலை மலாயாவிலும் சிங்கப்பூரிலும் உருவானது. ஆற்றோரத்துத் தியோச்சூ மீனவனின் மீன், மலாய்க்காரரின் சம்பால், தமிழரின் கறித்தூள் எல்லாம் அந்தச் சமையலறைக்குள் நுழைந்தன. தாயகத்திலிருந்து வந்த சமையல்காரர் தாயகத்துப் பொருள் கிடைக்காத ஊரில் அடுப்பேற்றினார். அவர் கொண்டுவந்தது முறை. பொருளை இந்த மண்ணும் நீரும் கொடுத்தன.

அந்தக் கலப்பின் உச்சம் சிங்கப்பூரில் நிகழ்ந்தது. கேதே உணவகத்தில் ஒன்றாகத் தொழில் பயின்ற தாம் யுய் காய், லாவ் யோக் புய், சின் லியோங், ஹூய் கோக் வாய் ஆகிய நால்வரைச் சமையலுலகம் நான்கு தேவராஜர்கள் என்று கொண்டாடியது. 1963-இல் இவர்களின் லாய் வா, டிராகன் ஃபீனிக்ஸ் ஆகிய உணவகங்கள் திறந்தன. 1964 சீனப் புத்தாண்டில் நால்வரும் சேர்ந்து ஏழு வண்ண யீ சாங் என்னும் பச்சைமீன் உணவை உருவாக்கினார்கள் என்பது சிங்கப்பூர்த் தரப்பு. 1940-களிலேயே சிரம்பானில் லோக் சிங் ஃபாட் அதைச் செய்துவிட்டார் என்பது மலேசியத் தரப்பு. மலேசியாவின் மரபுடைமைத் துறை யீ சாங்கைத் தன் பாரம்பரிய உணவுப் பட்டியலில் வைத்திருக்கிறது. முதலில் செய்தவர் யார் என்ற வழக்கைவிட, செய்தது என்ன என்பது முக்கியம். பச்சை மீனைக் கஞ்சியோடு உண்ணும் தென்சீன வழக்கம் பழையது. அதைக் காய்கறி இழைகளோடும், முன்கூட்டியே கலந்துவைத்த சாஸோடும், எல்லாரும் சுற்றி நின்று குச்சியால் தூக்கிப் போடும் சடங்கோடும் இணைத்தது புதிது. இன்று மலேசியச் சீனரின் புத்தாண்டை இது இல்லாமல் நினைக்க முடியாது. ஹூய் கோக் வாயின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் சேப்பங்கிழங்கு வளையமும், அவர் முட்டை சேர்த்து மாற்றியமைத்த மிளகாய் நண்டும் இதே கதைதான். புதுமை ஒரே தலைமுறையில் மரபாகிவிட்டது.

ஆனால் யீ சாங்கின் பிற்காலக் கதை வேறு ஒன்றையும் காட்டுகிறது. தொடக்கத்தில் அதற்குப் பயன்பட்டது இக்கடலின் ஈக்கான் பாராங்; தமிழ்நாட்டு மீனவர்கள் முள்ளுவாளை என்பார்கள். முள் நிறைந்த மீன்; மெல்லியதாகச் சீவத் தனித் திறமை வேண்டும். இன்று பெரும்பாலான மேசைகளில் அந்த இடத்தில் இருப்பது குளிர்நாடுகளின் பண்ணைகளிலிருந்து விமானமேறி வரும் சால்மன். நிறம் அழகு, முள் இல்லை, யார் வேண்டுமானாலும் சீவலாம். தட்டின் தோற்றத்தில் எதுவும் குறையவில்லை. சடங்கும் அப்படியே இருக்கிறது. குறைந்திருப்பது இரண்டு: முள்ளுவாளையைச் சீவத் தெரிந்த கை, முள்ளுவாளையைத் தேடும் கடற்கரை. மரபா புதுமையா என்று கேட்கும் விமர்சகருக்கு இந்த இழப்பு கண்ணில் படாது. பாராங் வைத்த யீ சாங்கும் 1964-இல் புதுமைதான், சால்மன் வைத்ததும் புதுமைதான். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கரையிலிருந்து பார்த்தால்தான் சொல்ல முடியும்.

இந்தச் சமையலில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைத் தமிழ் வாசகர் கவனிக்க வேண்டும். மலேசியச் சீன உணவகங்களில் காம் ஹியோங் நண்டு கேட்டுப் பாருங்கள். சீனச்சட்டியில் காய்ந்த இறால், பூண்டு, சிறு வெங்காயம், ஊசி மிளகாய் வதங்கும். அதோடு கறித்தூளும் கைப்பிடி கறிவேப்பிலையும் விழும். பிறகு சிப்பிச் சாஸ். முட்டையை இழை இழையாகப் பொரித்துத் தூவும் வெண்ணெய் இறாலிலும் கறிவேப்பிலைதான் மணம். தென்னிந்தியத் தோட்டத் தொழிலாளர்கள் வீட்டுப் புறக்கடையில் வளர்த்த செடி சீனச்சட்டிக்குள் போனதற்கு எந்தச் சமையல் பள்ளியும் திட்டம் போடவில்லை. அக்கம்பக்கம் வாழ்ந்ததால் நடந்தது. எதிர்த்திசையிலும் போக்குவரத்து இருந்தது. 1949-இல் சிங்கப்பூரில் கேரளத்து எம்.ஜே. கோமஸ், சீன வாடிக்கையாளர்களுக்குப் பிடித்த மீன்தலையை இந்தியக் குழம்பில் போட்டார். இன்று அது இரு சமூகத்துக்கும் சொந்தம். இன்னொரு அழுத்தமும் சேர்ந்தது. முஸ்லிம் விருந்தினரை எதிர்பார்க்கும் மலேசிய விடுதிகளில் பன்றியிறைச்சி இல்லாமலே கான்டனீஸ் சமைக்க வேண்டியிருக்கிறது. முதிர்ந்த கோழி, பன்றியிறைச்சி, ஜின்ஹுவா உப்புத்தொடை ஆகியவை சேர்ந்த உயர்ரகச் சாற்றுக்குக் கோழியையும் உலர்ந்த கடலுணவையும் மட்டும் வைத்து ஈடுகட்டும் வித்தையை அந்தச் சமையலறைகள் கற்றுக்கொண்டன. நிபந்தனைக்கு உட்பட்டுப் பிறந்த புதுமை, விளம்பரத்துக்காகப் பிறந்த புதுமையைவிட ஆழமாக வேர்விடுகிறது.

உலக அரங்கில் கான்டனீஸ் உயர்சமையல் பெற்ற பெயரும் இந்தப் பார்வைக்கு வலுச் சேர்க்கிறது. 2008 டிசம்பரில் ஹாங்காங்கின் லுங் கிங் ஹீன் உணவகம் மூன்று மிச்சலின் விண்மீன்கள் பெற்றது. சீன உணவகம் ஒன்று அந்தத் தகுதியைப் பெற்றது அதுவே முதல்முறை. தலைமைச் சமையற்கலைஞர் சான் யான் தாக்கின் புகழ்பெற்ற உணவுகளில் சிங்கி இறாலும் சிப்பியும் வைத்து ஆவியில் வேகவைத்த கொழுக்கட்டை ஒன்று. புதுமை அளவோடு, நுட்பம் உச்சத்தோடு. அதற்கு அடுத்த ஆண்டு டேனி யிப் தொடங்கிய 'தி சேர்மன்' இன்னும் ஒருபடி போனது. விலையுயர்ந்த உலர்பொருள்களை நம்பாமல், உள்ளூர்க் கடலிலிருந்தும் சிறு பண்ணைகளிலிருந்தும் வரும் பொருளைத் தேடி அலைவதையே தன் கொள்கையாக வைத்தது. அதன் பெயரைப் பரப்பிய உணவு புள்ளிநண்டு: முதிர்ந்த ஷாவ்ஷிங் அரிசி மதுவும் கோழி நெய்யும் சேர்த்து ஆவியில் வேகவைத்து, வடியும் சாற்றை அகலமான அரிசி நூடுல்ஸ் உறிஞ்சிக்கொள்ளச் செய்வது. ஆசியாவின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலில் 2021-இல் அது முதலிடம் பெற்றது. நுரையும் புகையும் ஜெல்லியும் காட்டி மயக்காத ஓர் உணவகம் ஆசியாவின் நவீனச் சமையலுக்குத் தலைமை தாங்கியது என்றால், நவீனம் எங்கே இருக்கிறது என்பதை நாம் மறுபடி யோசிக்கத்தான் வேண்டும்.

இப்போது கோத்தா திங்கிக்கு வருவோம். மலேசியக் கான்டனீஸ் சமையலின் ஆடம்பர உணவு எது என்றால் சாங் ஹா மீயைச் சொல்ல வேண்டும். அதன் நாயகன் உடாங் காலா என்னும் பெரிய ஆற்று இறால். ஜொகூர் ஆற்றில், குறிப்பாகக் கோத்தா திங்கியை ஒட்டிய பகுதியில், தூண்டில்காரர்கள் தேடி வருவது இதைத்தான். நீண்ட நீலக் கொடுக்குகள், உடலில் பாதிக்குத் தலை. அந்தத் தலையில்தான் எல்லாம் இருக்கிறது. இறாலை முதுகுவழியே நீளவாக்கில் பிளப்பார்கள், ஓடு போகாது. பிளந்த பக்கத்தைக் காய்ந்த எண்ணெயில் சில நொடி காட்டியதும் தலைக் கொழுப்பு ஆரஞ்சு நிறத்தில் உருகத் தொடங்கும். இஞ்சியும் வெங்காயத்தாளும் சேர்த்து, சாறு ஊற்றி, அரிசி மதுவைச் சட்டியின் ஓரமாகச் சுற்றிவிட்டு, மாவுக்கரைசலால் லேசாகக் கெட்டியாக்குவார்கள். கடைசியில் அடுப்பைத் தணித்து முட்டையை இழையாக விடுவார்கள். இந்தக் குழம்பை மொறுமொறுவென்று பொரித்த மீயின்மேல் ஊற்றினால் அடியில் இருப்பது ஊறும், ஓரத்தில் இருப்பது நொறுங்கும். குழம்பின் நிறமும் சுவையும் இறாலின் தலைக்கொழுப்பிலிருந்து வருகின்றன. இறால் செத்து நேரமானால் தலைதான் முதலில் கெடும், சதை கூழாகும். பனிக்கட்டியில் உறைந்து வந்த இறாலை வைத்து இந்த உணவைச் சமைக்கலாம், ஆனால் நிறத்தை வேறெங்கிருந்தோ கடன்வாங்க வேண்டியிருக்கும்.

இந்த இறாலின் வாழ்க்கை ஆறு முழுவதையும் கேட்கிறது. வளர்ந்த இறால் நன்னீரில் வாழும். சினைப்பட்ட பெண் இறால் கழிமுகம் நோக்கி இறங்கும். குஞ்சுகள் உவர்நீரில்தான் பிழைக்கும். பிறகு ஆற்றின்மேல் ஏறும். இதைக் கண்டறிந்தது மலேசிய மண்ணில்தான். ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் மீன்வள அறிஞர் ஷாவ்-வென் லிங் பினாங்கின் குளுகோர் ஆய்வு நிலையத்தில் 1961-இல் குஞ்சுகள் செத்துக்கொண்டே இருப்பதைப் பார்த்துத் திணறினார். மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த சோயா சாஸைத் தொட்டியில் விட்டுப் பார்த்தார், குஞ்சுகள் துள்ளின, உப்பு வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது என்று துறைக்குள் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியிருந்தாலும் கண்டுபிடிப்பு உண்மை. மலேசிய இறாலைக் கொண்டே 1960-களில் ஹவாயில் தக்குஜி ஃபுஜிமுரா பெருமளவு வளர்ப்பைத் தொடங்கினார். ஆந்திரத்து நெல்லூர்வரை அந்தத் தொழில் பரவியது. ஆக, பண்ணையில் வளர்த்தாலும் ஆற்றில் பிடித்தாலும் இந்த இறாலுக்கு நன்னீரும் உவர்நீரும் இணையும் இடம் தேவை. அந்த இணைப்பு அறுந்தால் ஆற்றில் இறால் இல்லை.

ஜொகூர் ஆற்றில் அந்த இணைப்புக்கு நெருக்கடி பல திசையிலிருந்து வருகிறது. 1962 ஒப்பந்தப்படி சிங்கப்பூர் நாளொன்றுக்கு 25 கோடி கேலன்வரை இந்த ஆற்றிலிருந்து எடுக்கலாம். ஒப்பந்தம் 2061-இல் முடிகிறது. ஜொகூரும் தன் தேவைக்கு எடுக்கிறது. நீர் குறையும்போது கடலுப்பு மேலேறாமல் தடுக்க, 1990 ஒப்பந்தத்தின்படி கட்டிய லிங்கியூ நீர்த்தேக்கத்திலிருந்து நீர் திறந்துவிடுகிறார்கள். 2016 அக்டோபரில் அதன் இருப்பு 20 சதவீதமாகச் சரிந்தது. ஆற்றின் இருபுறமும் செம்பனைத் தோட்டங்களும் ஆலைகளும் இருக்கின்றன. 2019 ஏப்ரலில் அமோனியா மாசால் நீர்ச் சுத்திகரிப்பைத் தற்காலிகமாக நிறுத்த நேர்ந்தது. கடலோரத்தில் வேறு மாற்றம். சிங்கி இறாலுக்குப் பேர்போன சுங்கை ரெங்கிட் இருக்கும் பெங்கெராங் முனையில் 20,000 ஏக்கருக்கும் மேற்பட்ட எண்ணெய்த் தொழில் வளாகம் எழுந்தது. நாளொன்றுக்கு 3,00,000 பீப்பாய் சுத்திகரிக்கும் ஆலை அதில் ஒன்று. கிராமங்கள் இடம்பெயர்ந்தன. சற்று வடக்கே டெசாருவில் 2018 முதல் 2020-க்குள் ஹார்ட் ராக், வெஸ்டின், அனந்தாரா, ஒன் அண்ட் ஒன்லி விடுதிகள் திறந்தன. உயர்தர உணவுக்குக் காசு கொடுக்கும் விருந்தினரும், அந்த உணவுக்கான பொருளும், அந்தப் பொருளை அழிக்கக்கூடிய தொழிலும் ஒரே மாவட்டத்துக்குள் அருகருகே வந்து நிற்கின்றன. இப்படிப்பட்ட இடம் வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

இந்த வாதத்துக்கு முதல் மறுப்பு எதிர்பார்க்கக் கூடியதே. உயர்தர உணவகம் உள்ளூர் ஆற்றை நம்பியா இருக்கிறது? விமானத்தில் உயிரோடு சிங்கி இறால் வருகிறது, ஜப்பானிலிருந்து சிப்பி வருகிறது. காசு இருந்தால் கடல் எங்கும் பக்கம்தானே? பாதி உண்மை. ஆனால் அண்மைக் கால நிகழ்வு ஒன்றைப் பாருங்கள். உள்நாட்டுத் தட்டுப்பாட்டைக் காரணம்காட்டி 2022 ஜூன் 1 முதல் மலேசியா மாதம் 36 லட்சம் கோழிகளின் ஏற்றுமதியை நிறுத்தியது. சிங்கப்பூரின் கோழித் தேவையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மலேசியாவிலிருந்து, பெரும்பாலும் உயிரோடு, பாலம் கடந்து போனது. உறைந்த கோழி பிரேசிலிலிருந்து தாராளமாகக் கிடைத்தது. அப்படியும் கோழிச்சோற்றுக் கடைக்காரர்கள் சிலர் கடையையே மூடிவைத்தார்கள். கொதிநிலைக்குக் கீழான நீரில் மெல்ல வெந்து, எலும்பருகே சிவப்பு மாறாமல், தோல் வழவழப்பாக இருக்க வேண்டிய வெள்ளைக் கோழிக்கு உறைந்த பறவை உதவாது என்பது அவர்கள் நிலை. அக்கம்பக்கத்துப் பொருளை மாற்ற முடியாது என்பதை நுட்பமே தீர்மானித்தது. விமானம் கொண்டுவருவது பெயரையும் எடையையும். கான்டனீஸ் நுட்பம் கேட்பது சில மணி நேர இடைவெளியை.

இரண்டாவது மறுப்பு கனமானது. துடிப்போடு வேண்டும் என்ற இந்த ஆசையே அல்லவா கடலைக் காலி செய்தது? உண்மை. ஹாங்காங் மேசைகளுக்கு உயிர் மீன் அனுப்பும் வணிகம் தென்கிழக்காசியப் பவளப் பாறைகளை வேட்டையாடியது. நெப்போலியன் மீன் எனப்படும் பெரிய பாறைமீன் 2004-இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சுறாத் துடுப்பின் கதையை எல்லாரும் அறிவார்கள். ஆனால் அந்தத் துடுப்பே என் வாதத்துக்குச் சான்றாகிறது. துடுப்புக்குத் தனிச் சுவை கிடையாது. சுவை முழுவதும் மணிக்கணக்கில் காய்ச்சிய சாற்றினுடையது. 2012-இல் ஷாங்ரி-லா, பெனின்சுலா விடுதிக் குழுமங்கள் அதைக் கைவிட்டபோது கான்டனீஸ் விருந்து சரிந்துவிடவில்லை. அரிய பொருள் என்பதற்காகவே மதிக்கும் பழக்கம் மரபின் மையம் அன்று என்பது அப்போது தெரிந்தது. விட்டுவிட முடிந்த ஒட்டுப்பகுதி அது. அழிவுக்குக் காரணம் துடிப்பின்மேல் உள்ள விருப்பம் என்பதைவிட, கிடைக்கும் அளவுக்கு ஏற்ப மெனுவை மாற்ற மறுக்கும் பிடிவாதம் என்பதே பொருத்தம். ஆண்டு முழுவதும், எல்லா மேசைக்கும், ஒரே அளவு மீன் என்று கேட்கும் உணவகம் எந்தக் கடலையும் தின்று தீர்த்துவிடும்.

மூன்றாவது மறுப்பு சமூக நியாயம் பற்றியது. பணக்காரர் தட்டில் என்ன விழுகிறது என்பதைப் பற்றி ஆற்றோரத்துக்காரர் ஏன் கவலைப்பட வேண்டும்? கவலைப்பட வேண்டியது பணக்காரர் தட்டுக்காக இல்லை. அந்தத் தட்டு விலையைத் தீர்மானிக்கிறது என்பதற்காக. உடாங் காலா அரிதாக அரிதாக அதன் விலை ஏறும், ஏறிய விலை இன்னும் வேகமாகப் பிடிக்கத் தூண்டும். கடைசியில் ஆற்றோரக் குடும்பத்துக்கே எட்டாததாகிவிடும். அதே விலையை வேறு திசையிலும் திருப்ப முடியும். சினை இறாலை வாங்க மறுக்கும் உணவகம், குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உள்ளதை ஏற்காத உணவகம், பருவம் முடிந்ததும் அந்த உணவை மெனுவிலிருந்து எடுத்துவிடும் உணவகம் ஆகியவை மீனவருக்குக் குறைத்துப் பிடித்தாலும் வருமானம் குறையாது என்ற உறுதியைத் தரலாம். சட்டம் தனியே இதைச் சாதிக்காது, உணவகமும் தனியே சாதிக்காது. ஆலைக் கழிவை உணவகத்தால் நிறுத்த முடியாது. ஆனால் ஆறு சுத்தமாக இருப்பதில் காசு சம்பந்தப்பட்ட ஒரு தரப்பு மாவட்டத்துக்குள்ளேயே இருப்பது அரசியலில் சிறிய விஷயம் இல்லை.

இந்த அளவுகோலை ஏற்றால் புதுமைக்கான வெளி குறையாது, கூடவே செய்யும். சாங் ஹா மீயின் நுட்பத்தை ஆற்று இறால் இல்லாத மாதங்களில் கழிமுகத்து நண்டுக்கோ பண்ணைக் கொடுவாயின் தலைக்கோ பொருத்திப் பார்ப்பது கற்பனைக்கு உண்மையான வேலை. முள்ளுவாளையை மீண்டும் யீ சாங்குக்குக் கொண்டுவந்து, அதைச் சீவும் கையை அடுத்த தலைமுறைக்குப் பழக்குவது பழமை திரும்புதல் என்று தோன்றினாலும், இன்றைய சந்தையில் அதுவே துணிச்சலான நவீனம். மலிவானது என்று ஒதுக்கப்படும் சிறு மீனை ஆவி மீனுக்குரிய மரியாதையோடு மேசைக்குக் கொண்டுவர முடிந்தால் ஒரு சமையற்கலைஞரின் திறமை அங்கே தெரியும்; கறிவேப்பிலையைச் சட்டியில் போட்ட தலைமுறை செய்ததும் அதுதான். டெசாருவின் விடுதிகளோ சிங்கப்பூரின் விருந்துக்கூடங்களோ 'நவீனக் கான்டனீஸ்' என்று பெயர்ப்பலகை வைக்கும்போது, வாடிக்கையாளர் கேட்க வேண்டிய கேள்விகள் சாதாரணமானவை: இந்த இறால் எந்த ஆற்றிலிருந்து வந்தது, எப்போது பிடித்தது, எந்த மாதத்தில் இது கிடைக்காது? மூன்றாவது கேள்விக்கு 'எப்போதும் கிடைக்கும்' என்று பதில் வந்தால் அந்த உணவகத்தின் மரபையும் புதுமையையும் ஒருசேரச் சந்தேகிக்கலாம்.